தம்பி விட்டுப்போன சக்கரம்

காரியம் இருந்தால்தான் இப்போதெல்லாம் ஜனங்களுக்கு அடுத்தவன் வாசல் தெரிகிறது என்று முணுமுணுத்தபடி, திண்டிவனத்து வீட்டின் கதவைத் திறந்தார் கோதண்டம். விழுப்புரத்திலிருந்து, இறந்துபோன தம்பியின் கூட்டாளி மகள் கவிதா வந்திருந்தாள்.

“பெரியப்பா, உங்க தம்பியும் எங்கப்பாவும் அந்தக் காலத்துல செஞ்ச கம்ப்யூட்டரை அப்பாவுக்கு ஓட்டிக் காட்டணும். அவருக்கு ரொம்ப முடியல. அதோட சர்க்யூட் படம் இங்கதான் இருக்குதாம்.”

“செத்தவன் பேரைச் சொல்லிக்கினு எத்தினி பேர்தான் வருவீங்க? அவன் விட்டுட்டுப் போனது சாமி சக்கரம் ஒண்ணுதான். கும்புட்டுட்டுக் கெளம்பு.”

காகிதத்தில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டினார். கும்பிட்ட கவிதா, அதிலிருந்த கட்டங்களையும் கோடுகளையும் உற்றுப் பார்த்தாள்.

“பெரியப்பா, இதான் அந்தப் படம்! கண்ணாடி மேல குங்குமத்தைத் தொடச்சா போட்டோ எடுத்துக்குவேன்.”

“தொடச்சுட்டு மறுபடி வெச்சிடு. உங்கப்பனுக்காக விடறேன். கம்ப்யூட்டராம்! இதைக் கும்புட்ட பொறவுதான் எங்க போர்ல தண்ணியே வந்துச்சு” என்றபடி, வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச மல்லாட்டைக் கொல்லைக்கு நடந்தார்.