காந்தம் சொன்ன தீர்ப்பு

"தங்கம் எங்கேயாவது கறுக்குமா? போலின்னா இன்னைக்கே உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்றார் மாமியார், என் வளையல்களைப் பார்த்து.

"காந்தம் வச்சுப் பாருங்க அத்தை. போலின்னா ஒட்டிக்கும்."

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கி வந்தார். நான்கு வளையல்களில் ஒன்றுகூட ஒட்டவில்லை. ஏமாற்றம் தாங்காமல், தன் சங்கிலியையும் கழற்றி வைத்துப் பார்த்தார். கொக்கி டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவர் முகம் வெளிறியது. "உன் மாமனார் ஆசையா வாங்கித் தந்ததுடி. வெளியே சொல்லிடாதே."

"சொல்வேனா அத்தை?"

பள்ளியில் உலோகங்களின் பண்புகளை நடத்துபவள் நான். அசல் தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் எஃகு ஸ்பிரிங் இருக்கும். என் அம்மா போட்டனுப்பிய பித்தளையைக் காந்தம் சீண்டாது. வகுப்பில் கேட்டால் உடனே சொல்வேன். வீட்டில்தான் யாரும் என்னிடம் பாடம் கேட்பதில்லை.