ஆடு கொடுத்த சீட்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் மதிப்பெண் பார்ப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. விண்ணப்பித்தவர் ஓர் ஆட்டுடன் பத்து நிமிடம் இருக்க வேண்டும். யார் அருகில் அதன் இதயம் அமைதியாகத் துடிக்கிறதோ அவருக்குத்தான் இடம்.

மகிழினி உள்ளே போனதும் வெள்ளாடு மிரண்டுபோய்ச் சுவரில் முட்டியது. வாசலில் நின்ற அவள் அப்பா சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி அதன் தாடையைத் தடவிக் கொடுத்தார். ஆடு அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் பதிவாளர் அம்மாள் வந்து, “ஐயா, சீட் உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு,” என்றார்.

“எனக்கா? தேர்வுக்கு வந்தது எம் பொண்ணும்மா!”

“உள்ள யார் இருந்தாலும் கணக்குல வரும். இன்னிக்கு வந்தவங்கள்ல நீங்கதான் முதல்.”

சடையாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து வருடமாகக் கால்நடை மருத்துவப் புத்தகங்களையே படித்துக் கிடந்தவள் மகள். அவரோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

மகிழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “ஆட்டை என்னப்பா செஞ்சீங்க?”

“நம்ம கறிக்கடையில தினம் செய்யுறதுதான் தாயி. பயந்த ஆட்டை வெட்ட எனக்கு மனசு வராது. அது அமைதியாகுற வரைக்கும் தடவிக்கிட்டே இருப்பேன்.”

பதிவாளர் படிவத்தை நீட்டினார். ‘தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று விளங்காமல் சடையாண்டி விழித்தார்.

மகிழினி அவரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி ‘மாணவர்’ என்று எழுதினாள்.