அடுத்த பகா எண்

வாதம் வந்து படுத்த கணவர் ஆவுடையப்பனின் கட்டிலருகேதான் செண்பகவல்லிக்கு எல்லாம். விடியலில் கண்மூடித் தியானம். எழுந்ததும் மகளின் பழைய கல்லூரிப் புத்தகத்தில் தானே படிக்கும் கணிதம். அவர் எப்போதாவது ஒரு சொல் சொல்வார். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே முன்பெல்லாம் நாட்கள் சென்றன. இப்போது மாதங்கள்.

அன்று, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களுக்கு வந்திருந்தாள். போகப்போக அவை அரிதாகிக்கொண்டே போகின்றன. இரண்டு பகா எண்களுக்கு நடுவே எவ்வளவு பெரிய வெறுமையும் விழலாம். ஆனால் எந்த வெறுமைக்குப் பிறகும் இன்னொரு பகா எண் உண்டு. அதற்கு ஐந்தாறு வரிகளில் நிரூபணம் இருந்தது. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். பிழையில்லை. கண்ணை மூடியதும் அந்த வெறுமை கடலாக விரிந்தது; அதற்கு அப்பால் ஓர் எண் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு மேனி சிலிர்த்தது.

மதியம் மகள் ஃபோனில் கேட்டாள்: "அப்பா இனிமே பேசுவாகன்னு நெனைக்கியாம்மா?"

"இடைவெளி பெருசாகுது. அவ்வளவுதாம்ளா."

மறுநாள் விடியலில் அவர் முகத்துக்கு நேராகத் தியானத்தில் அமர்ந்தாள். கண்ணை மூடவில்லை.