வெறுங்கழுத்து

வினாயகமூர்த்தியின் பட்டறை வாசலில் ஆட்டோ வந்து நின்றதும், உள்ளே தகடு வெட்டிக்கொண்டிருந்த சுலோஜனா நிமிர்ந்து பார்த்தாள்.

இறங்கியது மாமியார் ஆச்சிப்பிள்ளை. கூடவே பக்கத்து வளவுச் சின்னத்தங்கம்.

“நான் சொன்னா நம்பமாட்டீங்க எண்டுதான் கையோட கூட்டிவந்தன். கழுத்துல தாலி கிடக்கா பாருங்க அக்கா!” சின்னத்தங்கத்தின் குரல் காற்றடைக்கும் கொம்பிறசரின் இரைச்சலையும் தாண்டி வந்தது.

தாலி இல்லைதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “காத்துல ஓடுற கட்டர் புள்ள இது. தொங்குறது ஒண்டும் உடம்புல இருக்கப்படா. சங்கிலி மாட்டிச்செண்டா கழுத்தையும் சேத்து இழுத்துரும்.”

அன்றிலிருந்து தாலி பகலெல்லாம் மஞ்சள் துணியில் சுற்றி, சோற்றுப் பைக்குள் இருக்கும். பின்னேரம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கட்டார் நாட்டில் வேலை செய்யும் புருசன் மதுஷனுக்குத் தெரியும். “நல்லதுதான். அம்மாவுக்கு மட்டும் சொல்லிராத” என்றிருந்தான்.

மாமி வேண்டாமென்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கு இந்த வாசல் மிதிக்க ஏலாது. உழவு மெசினுக்கு இழுவைப் பெட்டி செய்யப் பழகிய கை, திரும்பவும் சட்டி பானையோடுதான்.

கட்டரைப் போட்டுவிட்டுப் பைக்கு ஓடலாமா என்று மனம் துடித்தது. கை கேட்கவில்லை. விசையை விட்டாள். வட்டு சுற்றி ஓயும்வரை நின்றாள். காற்று வரும் வால்வை மூடினாள். இன்னொரு தரம் விசையை அமத்தினாள்; மிச்சக் காற்றும் உஸ்ஸென்று போனது. ஹோஸைக் கழற்றிவிட்டுத்தான் கட்டரைக் கீழே வைத்தாள்.

“பாருங்கவன் அக்கா! மாமியார் வந்து நிக்கிறா, அவ மெசினத் தாலாட்டிக்கொண்டு நிக்கிறா!”

ஆச்சிப்பிள்ளை இரும்புத் தூளை மிதித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தா.

வினாயகமூர்த்தி குறுக்கே ஓடிவந்தார். “அக்கா, புள்ளையில பிழை இல்ல. நான்தான்...”

“நீ கொஞ்சம் பொறு தம்பி.”

சுலோஜனா கண்ணாடியைக் கழற்றினாள். கையுறையையும் கழற்றினாள். “மாமி... பையிக்குள்ளதான் கிடக்கு. வீட்ட வரக்குள்ள போட்டுட்டுத்தான்...”

“புருசன் கடல் தாண்டி இருக்கக்குள்ள வெறுங்கழுத்தோட நிக்கிறா. ஊர் என்ன கதைக்கும்?” வாசலிலிருந்து சின்னத்தங்கம் எண்ணெய் ஊற்றினாள்.

ஆச்சிப்பிள்ளையின் கண் மருமகளின் கழுத்திலிருந்து கீழே இறங்கியது. சட்டென்று அவளுடைய கையைப் பிடித்து இழுத்தா.

“இது என்னடி?”

“நீங்க கலியாணத்துக்குப் போட்ட மோதிரம், மாமி.”

“இத ஏன் கழட்டல்ல?”

“தாலியக் கழட்டினதே பயம். உங்கட மோதிரத்தையும் கழட்டினா நீங்க கோவிப்பீங்க எண்டு...”

சின்னத்தங்கம் எட்டி அந்த விரலைப் பார்த்தாள்.

ஆச்சிப்பிள்ளை பிடித்த கையை விடவில்லை. “அரிசி மில் பெல்ட்டுக்கு மோதிரத்தோட விரலையும் குடுத்துட்டு வந்த என்ட புருசனுக்கு, கண்ண மூடுமட்டும் சோறு குழைச்சு ஊட்டினவள் நான்.”

தன் முந்தானையால் மருமகளின் விரலைத் துடைத்து, மோதிரத்தை மெல்லத் திருகத் தொடங்கினா.

“தாலியக் கழட்டிவைக்க இருந்த புத்தி, இதுக்கு எங்கடி போச்சு?”