இறங்கும் வழி

பாடை லிப்டுக்குள் போகவில்லை.

நேராக விட்டுப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். மூங்கில் நுனி கதவின் இரும்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

காலிப் பாடைதான். கன்னியம்மாள் இன்னும் வீட்டுக்குள் படுத்திருந்தாள்.

அவர் மாலையோடு நடைவழியில் நின்றார். இந்தக் கட்டடத்தைக் கட்டிய பொறியாளர். வந்திருக்க வேண்டியதில்லை. வராமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை.

பாடையைப் படியில் நிமிர்த்தி நிமிர்த்தித்தான் பதினோராவது மாடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் நிமிர்த்த வேண்டியிருந்தது. காலிப் பாடையை நிமிர்த்தலாம்.

போர்வையில் போட்டுத் தூக்கிவிடலாம் என்றார் ஒருவர். போன மாதம் ஏழாவது மாடிக்காரரை அப்படித்தான் தூக்கினார்கள். படியில் நழுவவிட்டார்கள். அந்தச் சத்தம் எல்லோர் காதிலும் இன்னும் இருந்தது.

பொறியாளர் லிப்ட் கதவின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நிறுத்த இடம் விட்டிருந்தார். துணி காயப்போடக் கம்பி, குழந்தைகள் எட்டிப்பார்த்து விழாமலிருக்கத் தடுப்பு, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். சாவைத்தான் நினைக்கவில்லை.

அதுவும் பொய். நினைத்தார்.

முதல் வரைபடத்தில் லிப்ட் நீளமாகத்தான் இருந்தது. ஒருவர் படுத்தபடி போகலாம். லிப்டுகளையும் முன்கூடத்தையும் சுருக்கினால் மாடிக்கு ஒரு வீடு கூடுதலாக வரும் என்று பிறகு தோன்றியது. அவருக்குத்தான் தோன்றியது. யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

மாடிக்கு ஒரு குடும்பம். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

குலுக்கலில் கன்னியம்மாளுக்கு விழுந்தது அந்தக் கூடுதல் வீடுகளில் ஒன்று. லிப்டை ஒட்டிய வீடு. இப்போதும் அவள் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

முன்பு இங்கே இருந்த பழைய குடியிருப்பை இடிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. கூரைக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுந்தது, அப்போதும் சம்மதிக்கவில்லை. போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்ற பயம். கன்னியம்மாள்தான் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினாள். மீன் விற்றுத் தடித்த குரல். வலிக்கிற முழங்காலோடு.

பேசப் போகும் முன் பொறியாளரிடம் ஒன்று கேட்டாள்.

"ஏறிடுவோம் சார். எறங்குறது எப்டி?"

அவர் சிரித்தார். லிப்ட் இருக்கிறதே அம்மா என்றார்.

கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

மகள் தேன்மொழி வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்கம்மாவ உக்கார வச்சா கொண்டுபோவீங்க? படுத்துனு போவட்டும்யா. அதுக்குக்கூடவா எடமில்ல?"

யாரும் பொறியாளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே பறை ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. தேன்மொழி ஒதுங்கினாள். ஒதுங்காமல் என்ன செய்வாள்.

இடுப்பில் ஒரு சேலை. மார்பில் ஒரு சேலை. இறுக்கிக் கட்டினார்கள்.

கால்தான் மடங்கவில்லை. உயிரோடு இருந்தபோதே மடங்க மாட்டேன் என்ற முழங்கால். இப்போது விறைத்தும் போயிருந்தது. நீட்டிய காலோடுதான் நாற்காலியை லிப்டுக்குள் தள்ளினார்கள்.

கதவு மூட வந்தது. பாதத்தில் பட்டது. திறந்துகொண்டது.

மறுபடி வந்தது. மறுபடி பட்டது.

மூன்றாம் முறை தேன்மொழி முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

பாதங்களை ஒருபக்கமாக உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் கதவு மூடும். பிடிப்பதற்கு யாராவது தரையில் உட்கார வேண்டும்.

அவர் மாலையை நாற்காலியின் மேல் போட்டார். செருப்பைக் கழற்றினார். கதவோரம் மண்டியிட்டு, மஞ்சள் பூசிய அந்தப் பாதங்களைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

கதவு மூடியது.

உள்ளே அவரும் அவளும்தான். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அவள் மேலே உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை நிமிரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். அதற்குள் பதினோரு மாடியும் முடிந்துவிட்டது.

கீழே அவளை மறுபடி படுக்கவைத்தார்கள். பறை ஓங்கியது. பூ இறைத்துக்கொண்டு ஊர்வலம் தெருவில் திரும்பியது.

அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தார். எதிரே அவர் கட்டும் அடுத்த கட்டடத்தின் பள்ளம். லிப்ட் சுவருக்குக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதே அளவு. மாடிக்கு அதே கூடுதல் வீடு.

மேஸ்திரி ஓடி வந்தார்.

"நாளைக்கு இதுக்கு கான்கிரீட் போட்டுடலாமா சார்?"

"இருங்க" என்றார் அவர். "கொஞ்சம் பொறுங்க. இந்தச் சுவரைத் தள்ளிப் போடணும்..."

பள்ளத்தின் ஓரம் தகரக் கொட்டகைகள். பழைய வீட்டை இடித்ததிலிருந்து ஜனங்கள் அதில்தான் இருக்கிறார்கள். ஊர்வலம் பார்க்க வந்த ஒருத்தி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். இடுப்பில் கைக்குழந்தை. தகரச் சூட்டில் அதன் உடம்பெல்லாம் வேர்க்குரு.

"சார், எங்களுக்கும் இதுல ஒரு வூடு உண்டுதானே? ஆளு ஜாஸ்தி, வூடு பத்தாதுன்னு பேசிக்கிறாங்க."

குழந்தை அவரையே பார்த்தது.

அவர் மஞ்சள் ஒட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உண்டும்மா" என்றார்.

மேஸ்திரி அதைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கலவை வண்டிக்குப் போன் போட்டார்.