திருஷ்டிப் பொட்டு

சாருலதா கண்ணாடி ஜாடியில் கொம்புச்சா என்ற புளிப்பு டீ போட்டிருந்தாள். இனிப்பு டீயின் மேல் பாலாடை மாதிரி ஒரு படலம் மிதந்தது. டீயைப் புளிக்க வைப்பது அதன் வேலை.

நாலாம் நாள் படலம் ஜாடியிடம், "நெத்தியில என்னமோ ஊறுது, பாரேன்" என்றது.

ஜாடி பார்த்தது. பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு போல ஒரு புள்ளி. பூஞ்சைதான். சொன்னால் மனசு நோகுமே.

"ஒண்ணுமில்ல. இவ்வளவு வெள்ளையா இருக்கியே, கண்ணு படாம இருக்கத் திருஷ்டிப் பொட்டு."

ஏழாம் நாள் புள்ளி மூன்றானது.

"மூணு பொட்டா? அவ்வளவு அழகாவா இருக்கேன்?"

"ஆமா" என்றது ஜாடி.

அப்போதுதான் சாருலதா ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "ஐயையோ, பூஞ்சை" என்று அலறியவள், டீயைக் கொட்டிவிட்டுப் படலத்தைக் குப்பைக் கூடையில் எறிந்தாள்.

"மூணு பொட்டுக்கா இந்தக் கத்து கத்துறா?" என்று கூடைக்குள்ளிருந்து படலம் கேட்டது.

சாருலதா ஜாடியைக் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுவாரம் புது டீ வந்தது. தோழி கொடுத்த புளித்த டீ ஒரு டம்ளரும், புதுப் படலமும் சேர்ந்தன.

"நான் அழகா இருக்கேனா?" என்று கேட்டது புதுப் படலம்.

"அழகு கெடக்கட்டும். சீக்கிரம் புளிக்கிற வழியைப் பாரு, புளிச்சா பூஞ்சை அண்டாது" என்றது ஜாடி. "நெத்தியில புள்ளி விழுந்தா, அவளுக்கு முன்னாடி நான் கத்துவேன்."