விட்டுப்போன அத்தியாயம்

நூலகத்து மாடி அறையில் சாய்ந்த வெயில் மேசையைக் குறுக்கே வெட்டிக் கிடக்கிறது. வட்டமாகப் போட்ட பத்து நாற்காலிகளில் தையற்காரிக்கு இரண்டு பக்கமும் இருப்பவை மட்டும் காலி. புருஷனை விட்டு வந்த இந்த மூன்று மாதமாக அப்படித்தான். வாசகர் வட்டத்தை நடத்தும் பேராசிரியர், பழைய ருஷ்ய நாவலிலிருந்து தான் நகலெடுத்துக் கொடுத்த தாள்களைத் தட்டுகிறார். "கதாநாயகி கல்யாணத்தை உதறிட்டுப் போனா. குற்ற உணர்ச்சியே அவளை அரிச்சுக் கொன்னுடுச்சு. அவ்வளவுதான் கதை." தலைகள் ஆடுகின்றன, ஓரக்கண்கள் தையற்காரியைத் தொட்டுவிட்டு மீள்கின்றன. அவள் பையிலிருந்து முழு நாவலையே எடுத்து மேசையில் வைக்கிறாள். அடையாளத்துக்குச் செருகிய அளவு நாடா வெளியே தொங்குகிறது.

"பதினேழாம் அத்தியாயத்தை நீங்க நகலெடுக்கலையே சார்?"

"அது வெறும் விருந்தும்மா. தேவையில்ல."

"அந்த விருந்துக்கு அவ வந்து உக்காந்ததும் ஒவ்வொருத்தரா எழுந்து போறாங்க. அதுக்கப்புறம்தான் அவ படுத்த படுக்கையாகுறா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க சார்."

மின்விசிறி தாள்களின் ஓரத்தைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். எதிரே இருக்கும் வங்கிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாதி எழுகிறார்.

"வேலை இருக்கிறவங்க தாராளமா எழுந்து போகலாம்" என்கிறாள் தையற்காரி. நாடாவை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பதினேழாம் அத்தியாயத்தை உரக்க வாசிக்கத் தொடங்குகிறாள்.

வங்கிக்காரர் மெல்ல உட்காருகிறார்.